கோயில் வந்தால் இறங்கிவிடுவேன்

இந்த ஊரில் சைக்கிளில் போகிறவர்கள் எதிரே பெரிய மனிதர் வந்தால் இறங்குவதில்லை. மணியை ஒரு தட்டுத் தட்டி, "என்ன அண்ணே, சுகமா?" என்று கேட்டபடியே போய்விடுகிறார்கள். அவரும் கோபிப்பதில்லை. கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தன் வழியே நடக்கிறார். நாங்கள் தேற்றாத்தீவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னமும் அந்த மணிச்சத்தம் கேட்டால் யாரோ அடி வாங்கப் போகிறார்கள் என்று நினைத்து வாசலுக்கு வந்து பார்ப்பேன். ஒன்றும் நடந்திருக்காது. தெருவில் வெயிலும் மணலும்தான் கிடக்கும்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், அவ்வளவுதான். ஊரில் இருக்கிறவர்களும், எங்களைப்போலக் கப்பலேறி வந்தவர்களும் படிப்பார்கள் என்று என் மகன் முத்தையா சொன்னதால் கூச்சத்தோடு எழுதுகிறேன். என் ஊர்ப் பெயரைப் போடவில்லை. மேற்கு மலையின் அடியில், அருவிச்சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. அதற்குமேல் வேண்டாம். என் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

எங்கள் ஊரில் பெரிய தெரு என்று ஒன்று உண்டு. அதன் முனையில் கோயில். எங்கள் ஆட்கள் அந்த முனைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோள்துண்டு இடுப்புக்கு வந்துவிட வேண்டும். சைக்கிள் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சைக்கிள் யாரிடம் இருந்தது? என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான். மிஷன் மருந்துக்கடையில் வேலை பார்த்தார். மருந்து கொண்டுபோகப் பழைய சைக்கிள் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் நல்ல மழை. மருந்துப் பொட்டலம் நனைந்துவிடுமே என்று இறங்காமல் மிதித்துவிட்டார். நான் முத்தையாவையும் கைக்குழந்தை செல்லம்மாவையும் வைத்துக்கொண்டு கோயில் முனையில் ஒதுங்கி நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து கேரியரைப் பிடித்தது. அந்தக் கையை மட்டும்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதமாட்டேன். சைக்கிள் தெப்பக்குளத்துக்குள் போயிற்று. அடுத்த மாதம் நாங்கள் கப்பலேறினோம்.

முதலில் இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டம். பிறகு றோட்டு வேலை. கல் உடைத்து, தார் ஊற்றி, மலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு துண்டு மணல், அந்த மணலின்மேல் ஒரு றோட்டு. அந்த றோட்டோரத்தில் இவர் ஒரு குடிசை போட்டார். இவ்வளவு தட்டையான பூமியை நான் கண்டதில்லை. சாய்ந்துகொள்ளச் சுவரில்லாத வீட்டில் இருப்பதுபோல முதுகு சும்மா கிடந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் நண்டு ஆக்கினால் எங்களுக்கும் ஒரு சட்டி வந்தது. எங்கள் கிணற்றில் அவர்கள் அள்ளினார்கள், அவர்கள் கிணற்றில் நாங்கள் அள்ளினோம். இவர் இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். சாகும்வரை சைக்கிளில் ஏறவில்லை.

உலகச் சண்டைக்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து பஸ் குறைந்துபோயிற்று. செல்லம்மாவைக் கரடியனாற்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய தலைப்பிள்ளைக்கு நான் போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் றோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். போனபோது பிள்ளையைப் புதைத்துவிட்டார்கள். "நீ இருந்திருந்தா பொழைச்சிருக்கும்மா" என்று ஒரு தடவைதான் சொன்னாள். அடுத்த பிள்ளைக்கு என்ன ஆனாலும் பக்கத்தில் இருப்பேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு நாள் நெருங்கியபோது தை அறுவடை முடிகிற சமயம். கரடியனாற்றிலிருந்து தயிர்ச்சட்டி ஏற்றி வருகிற வண்டிக்காரர் விடியற்காலையில் வாசலில் நின்று, "அம்மா, மகளுக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. இண்டைக்கோ நாளைக்கோ எண்டு மருத்துவிச்சி சொல்லிற்றா. உங்களத்தான் கேக்கிறா" என்றார். முத்தையா ஓவர்சியர் ஒருவரிடம் வாங்கிய பழைய சைக்கிளை வெளியே எடுத்து, கேரியரில் சாக்கை மடித்துப் போட்டான். "ஏறும்மா" என்றான்.

அப்படியொரு அழகான வழியில் அப்படியொரு பயத்தோடு யாரும் போயிருக்கமாட்டார்கள். வலப்பக்கம் தென்னைகளுக்கு இடையில் கடல் வெள்ளையாக மினுங்குகிறது. இடப்பக்கம் வாவியில் தோணிகள் கண்ணாடிமேல் வைத்ததுபோல நிற்கின்றன. றோட்டில் எங்கள் சக்கரச் சத்தம்தான். நானோ இதில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. செட்டிபாளையத்தில் கோயில் தெரிந்ததும், "ஏல, நிப்பாட்டு" என்று குதித்துவிட்டேன். கோயில் தாண்டும்வரை நடந்து, பிறகு ஏறினேன். குருக்கள்மடத்திலும் அப்படித்தான். பெரிய வீட்டு வாசல் ஒன்று வந்தது, அங்கேயும் இறங்கினேன். காத்தான்குடியில் பள்ளிவாசலுக்கும் இறங்கினேன். தறிச்சத்தம் கேட்கிற ஒரு வீட்டிலிருந்து ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், காற்றடிக்கிற பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன தம்பி, உம்மாவ நடக்கவிட்டுட்டுப் போறீங்க! காத்துப் போயிட்டா?"

"காத்து இருக்கு காக்கா. எங்கம்மாதான் உக்காரமாட்டேங்கிறா" என்றான் முத்தையா.

அவர் நம்பவில்லை. சக்கரத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு தடவை அடித்துவிட்டார். எனக்குப் பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கோப்பையை என் கையிலேயே கொடுத்தார். குடித்துவிட்டுக் கும்பிட்டேன்.

கல்லடிப் பாலத்தில் முத்தையா சைக்கிளை நிறுத்திவிட்டான். சட்டையெல்லாம் வேர்வை. "எம்மா, இப்பிடி ஒவ்வொரு கோயிலுக்கும் எறங்கினா, பேரப்பிள்ளைக்குக் காது குத்துறதுக்குத்தான் போய்ச் சேருவோம். இங்க யாரும்மா ஒன்னப் பிடிச்சு இழுக்கப்போறாங்க?"

"எனக்குத் தெரியுதுல" என்றேன். "காலுக்குத் தெரியலியே."

அவன் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தான். அன்றைக்கு மழையில் அவனும்தான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏறி மிதித்தான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் பார்த்தேன். ஏறாவூரில் மறுபடி குதித்துவிட்டேன்.

செங்கலடியில் திரும்பியதும் பதுளை றோட்டு. அதற்குமேல் ஊர்கள் குறைவு, கோயில்களும் குறைவு. இரண்டு பக்கமும் வட்டை என்கிற வயல்வெளி, அறுத்த வயலும் அறுக்காத வயலும் மாறிமாறி வருகின்றன. வெயிலில் வைக்கோல் வாசம். அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தூரத்தில் நீலமாக மலை தெரிந்தது. குடும்பிமலை என்றான் முத்தையா. அதற்குப் பின்னால் இன்னும் ஒன்று, அதற்குப் பின்னால் புகைபோல இன்னும் ஒன்று. மிதிக்க மிதிக்க அவை பெரிதாகி வந்தன. என் ஊர் மலையே எழுந்து எங்களைத் தேடி வருகிறதோ என்று தோன்றியது. அழுகை வந்தது. செல்லம்மா நினைவும் வந்தது. பொழுது சாயத் தொடங்கிவிட்டது.

கரடியனாற்றுக்குக் கொஞ்சம் முந்தி, மருத மரத்தடியில் ஒரு பிள்ளையார் கோயில். அதன் முன்னால் ஒரு போடியார், நிலக்காரர், உட்கார்ந்து நெல் மூட்டைகள் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, காதில் கடுக்கன். வட்டை முழுதும் அவருடையது என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கோயிலும் பெரிய மனிதரும் சேர்ந்தே வந்துவிட்டார்கள். நான் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"ஏன் கா இறங்கினாய்? காலில நோவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முத்தையாதான், "மகளுக்குப் பேறுகாலம் ஐயா, போய்ட்டிருக்கோம்" என்றான்.

"மகளுக்குப் பிள்ளைப்பேறு, இவ கோயிலுக்கு மரியாத குடுத்து நடக்கிறாவே!" போடியார் எழுந்தேவிட்டார். "உன்ட பக்தி போதும் கா. பிள்ளையார் ஒண்டும் கோவிக்கமாட்டார், அவரும் தாய்க்குப் பிள்ளதான். ஏறி இரு. செருப்பப் போடு கா, முள்ளுக் கிடக்கு. மனே, கெதியா மிதி!"

ஏறினேன். கோயிலைத் தாண்டினால் ஒரு மதகு, அதற்கு ஏறும் மணல் மேடு. முத்தையாவுக்குக் கால் சோர்ந்துவிட்டது. சைக்கிள் நின்று, ஆடி, சாயப்பார்த்தது. அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கை வந்து கேரியரைப் பிடித்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்தையாவும், மழையும், தெப்பக்குளமும், எல்லாம் அப்படியே வந்து நின்றன. இழுக்கப்போகிறான், விழப்போகிறோம் என்று காத்திருந்தேன். சைக்கிள் முன்னால் போயிற்று. இன்னும் முன்னால் போயிற்று. கண்ணைத் திறந்தால், போடியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மூச்சு வாங்க, மேட்டின்மேல் எங்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிறார். கூலியாட்கள் மூட்டையைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். "சிரிக்காதீங்கடா, இஞ்ச வந்து தள்ளுங்கடா!" என்று கத்துகிறார். மதகின் உச்சியில் கையை எடுத்துவிட்டு, "பேரப்பிள்ளைக்கு நான் தள்ளினதச் சொல்லு கா!" என்றார். அதற்குமேல் இறக்கம்தான்.

விளக்கு வைப்பதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். செல்லம்மாவின் தலை என் மடியில் இருந்தது. பிள்ளை அழுத சத்தத்தைக் கேட்டு நானும் அவளும் சிரித்தோம், முத்தையா வாசலில் உட்கார்ந்து அழுதான்.

அந்தக் கைக்கு நான் எத்தனை தடவை மனதுக்குள் கும்பிடு போட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். இந்த ஊரில் யாரும் யாருக்கும் ஒதுங்கி நிற்பதில்லை என்று நான் எழுதினால் அது பொய். சிலர் சில வாசலில் தள்ளி நிற்பதைக் கண்டிருக்கிறேன். நாங்கள் கடல் கடந்து வந்தவர்கள், இன்னார் என்று சொல்ல இங்கே ஆளில்லை. தெரிந்திருந்தால் போடியார் தள்ளியிருப்பாரா? தள்ளியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அடுத்த அறுவடைக்குப் போனபோது அவரே வழியில் கண்டு, "என்ன கா, இண்டைக்குப் பக்தி குறைஞ்சிபோச்சோ?" என்று சிரித்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இல்ல ஐயா" என்று மட்டும் வந்தது.

போன மாதம் என் தம்பி கடிதம் போட்டிருந்தான். இப்போது நம் பையன்கள் பெரிய தெருவில் சைக்கிளில் போகிறார்களாம். யாரும் கேட்பதில்லையாம். 'ஒருதரம் வந்து மலையைப் பாத்துட்டுப் போ அக்கா' என்று எழுதியிருக்கிறான். அதை நாலைந்து தடவை படித்தேன். பதில் இன்னும் எழுதவில்லை.

ஒவ்வொரு அறுவடைக்கும் முத்தையா என்னைக் கரடியனாற்றுக்குக் கூட்டிப்போகிறான். பஸ் ஓடத் தொடங்கிவிட்டது, ஆனாலும் எனக்குச் சைக்கிள்தான் வேண்டும். செங்கலடி தாண்டினால் அமைதி. மலை மெல்ல மெல்ல வரும். மருத மரத்தடிக் கோயிலில் இப்போதெல்லாம் நான் இறங்குவதில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் கால் வைக்கிற கம்பியை விட்டுத் தானாக நழுவிக் கீழே தொங்கிவிடும். செருப்பும் கழன்று கைக்கு வந்துவிடும். போன தடவை, ஆறு வயதுப் பேத்தி எங்களை எதிர்கொள்ள மதகுக்கு வந்து நின்றாள். நான் இறங்கியதும் ஓடிப்போய் மணலைப் பார்த்தாள். கோயில் முனையிலிருந்து மதகடி வரை, சக்கரத் தடத்துக்குப் பக்கத்தில், என் பெருவிரல் கிழித்துக்கொண்டு வந்த ஒற்றைக் கோடு.

"ஆச்சி, மற்றக் கால் எங்க?" என்று கேட்டாள்.

"அது ஏறித்தான் வந்துச்சு" என்றேன்.