கால் ஊன்றாமல் வத்தல்மலை

ஞாயிறு, காலை 5.20. தருமபுரி ராமக்காள் ஏரிக்கரை.

தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஏரி நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறையப் பனி. எதிர்க்கரை தெரியவில்லை. முனியப்பன் டீக்கடையில் மட்டும் ஒரு பல்பு. நானும் மனைவி ஸ்டெல்லாவும் சைக்கிள்களை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுப் போய் நின்றோம்.

"மொத டீ நம்ம சூசண்ணனுக்கு" என்றபடி முனியப்பன் கிளாஸை என் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்ற நடைப்பயிற்சிக்காரர் ஒருவரிடம், "அண்ணன் யாருன்னு நெனச்சீங்க? வத்தல்மலைய கால ஊனாம ஏறுனவருங்க. இருவத்திநாலு கொண்ட ஊசி வளைவுங்க. இந்த வயசுல!" என்றார். ஒரு வருடமாக இந்தக் கடையில் இதுதான் நடக்கிறது. காலையில் யார் முதலில் வந்தாலும் சரி, நான் வரும் நாளில் முதல் கிளாஸ் எனக்குத்தான்.

எங்கள் ஊரில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குள் இது ஒரு கணக்கு. எவ்வளவு வேகம், எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "கால ஊனுனியா, ஊனலையா?" அவ்வளவுதான் கேள்வி. வளைவில் மூச்சு முட்டி ஒரே ஒரு முறை தரையில் கால் வைத்துவிட்டால் போச்சு.

உங்களிடம் மறைப்பானேன். போன வருடம் இதே மாதம் தனியாக ஏறினேன். பதினாலாவது வளைவில் தொடை இரண்டும் இறுகிவிட்டன. அப்போது பின்னால் ஒரு குட்டியானை வந்தது. சின்னச் சரக்கு வண்டியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். ஓட்டி வந்த பையன் மாதேஷ், "புடிச்சுக்கங்க சார்" என்றான். பின்கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். பத்தொன்பதாவது வளைவில்தான் விட்டேன். மேலே போய் ஒரு போட்டோ எடுத்து சைக்கிள் நண்பர்களுக்கு அனுப்பினேன். "கால ஊனாமலா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றேன். கால் ஊன்றவில்லை என்பது சத்தியம்தானே. பெடல் மிதித்தேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்று சர்ச்சில் மாலைப் பூசைக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதும் வேறு பாவங்களைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஸ்டெல்லாவுக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை. நடக்கச் சொல்லி டாக்டர் தொண்டை வற்றக் கத்தினார், அசையவில்லை. என் போட்டோவைப் பார்த்த அன்று மட்டும், "உரக்கடையில உக்காந்தே கெடக்குற நீங்களே ஏறிட்டீங்கன்னா, நான் ஏறமாட்டனா?" என்றாள். சேலத்தில் பதினாலாயிரத்துக்குக் கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்று வாங்கினோம். பத்து மாதமாக மிதிக்கிறாள். சர்க்கரை இறங்கிவிட்டது. என் பொய்யால் அவள் உடம்பு தேறியிருக்கிறது, அதை எந்த வாயால் பொய் என்று சொல்வது? இன்று இரண்டு பேரும் ஏறப்போகிறோம். நானே ஒழுங்காக ஏறிவிட்டால் பொய் உண்மையாகிவிடும், சொல்லவே வேண்டியதில்லை என்பது என் திட்டம்.

காலை 6.50. கொமத்தம்பட்டி, மலையடிவாரம்.

ஏரியிலிருந்து இதுவரை பதினேழு கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டியது. வழியெல்லாம் மாந்தோப்பு. பூ விட்ட சமயம், பனிக்குள் அந்த வாசம் கனமாக நின்றது. மரவள்ளிக் காடுகளைத் தாண்டியதும் திடீரென்று எதிரே மலை. பனி கலைந்து, மேலே போகும் சாலை ஒவ்வொரு மடிப்பாகத் தெரிந்தது. குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன்.

"ஏங்க, நீங்க முன்னால போங்க. நான் பாத்து வரேன்" என்றாள் ஸ்டெல்லா.

"நீ போ. நான் பின்னால வந்தாத்தான் உனக்குத் தைரியம்" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்!

காலை 7.40. ஒன்பதாவது வளைவு.

ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. வெளிப்பக்கமாக அகலமாகத் திரும்பினால் ஏற்றம் கொஞ்சம் குறைவு. உள்பக்கம் போனால் முன்சக்கரம் தூக்கும். ஸ்டெல்லா இதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். வளைவுக்குப் பத்து மணி என்று ஜெபமாலை சொல்லிக்கொண்டே, ஒரே சீராக, அவசரமே இல்லாமல் மிதித்தாள். நான் எழுந்து நின்று மிதித்தேன், உட்கார்ந்து மிதித்தேன், வாயால்கூட மிதித்தேன். இடைவெளி கூடிக்கொண்டே போனது.

கீழே தருமபுரிச் சமவெளி முழுவதும் விரிந்தது. வெயில் பட்ட இடத்திலெல்லாம் ஏரி. ஏழு வரை எண்ணினேன். ராமக்காள் ஏரி சட்டைப் பொத்தான் அளவுக்குக் கிடந்தது. மலைச்சரிவில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், அடியில் சிவந்த காப்பிப் பழம். ஒரு குரங்கு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. மனிதர் யாரும் பார்க்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி.

காலை 8.25. பதினாலாவது வளைவு.

கீழே ஹாரன் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். குட்டியானை என் பக்கத்தில் வந்து மெதுவானது. அரிசி மூட்டைகளும் ஒரு கட்டு பிளாஸ்டிக் குடங்களும். ஜன்னலில் மாதேஷ்.

"சார்! நல்லா இருக்கீங்களா? புடிச்சுக்குங்க, போன வாட்டி மாதிரி மேல வுட்டுடறேன்."

மலைப்பாதையில் ஒரு வசதி, ஒரு தொல்லை. மேல் வளைவு நம் தலைக்கு நேர்மேலே இருக்கும், பேசினால் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்கும். அண்ணாந்து பார்த்தேன். பதினைந்தைத் தாண்டிய ஸ்டெல்லாவின் மஞ்சள் சட்டை சுவருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாம்பா, நீ போ" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"வெக்கப்படாதீங்க சார்!"

"போடா சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அவன் சிரித்துக்கொண்டே போனான். சங்கிலி என் கைக்கு எட்டும் தூரத்தில் ஆடியபடி போனது. அதைப் பிடிக்கவில்லை என்பதுதான் அன்று நான் செய்த ஒரே சாதனை. பதினாறாவது வளைவில் தொடை மறுபடி இறுகியது. கால் ஊன்றினேன். அத்தோடு முடிந்தது. மீதி எட்டு வளைவும் ஏறியும் தள்ளியும் போனேன். அவள் கேட்டிருப்பாளா, கேட்டிருக்கமாட்டாளா என்பது மட்டுமே தலைக்குள் ஓடியது.

காலை 9.40. பெரியூர், மலைமேல்.

மேலே காற்று சில்லென்று இருந்தது. சாமை அறுத்த காடுகள் மொட்டையாகக் கிடந்தன. பலாமரத்தடியில் ஒரு கடை, வரக்காப்பி பத்து ரூபாய். ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள்.

"ஊனுனியா?" என்றேன்.

"ஊனல" என்றாள்.

கடைக்கார அம்மா உள்ளேயிருந்து, "அக்கா நிக்காம வந்துச்சுங்க. நான் பாத்தேன்" என்று சாட்சி சொன்னார்.

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடியே பயம். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. "ஸ்டெல்லா, போன வருசம் நான் முழுசா ஏறல. பதினாலுலேர்ந்து பத்தொம்பது வரைக்கும் வண்டிச் சங்கிலியப் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

காப்பியை ஒரு வாய் குடித்தாள். "கேட்டுச்சு. நீங்களா சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன்."

நான் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மத்தவங்ககிட்ட பொய் சொன்னது உங்க பாடு. நாகாவதி அணைக்குப் போனமே, அந்த மேட்டுல எறங்கி உக்காந்து அழுதனே. 'நீங்க ஒரு வாட்டிகூட எறங்காம மலையே ஏறுனீங்க, எனக்கு இந்த மேடுகூட முடியல, நான் எதுக்கும் லாயக்கில்ல'ன்னு அழுதேன். அப்பக்கூடச் சொல்லலியே நீங்க?"

அன்று தண்ணீர் பாட்டிலை நீட்டி, மனசு வைத்தால் முடியாதது இல்லை என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. "தப்புதான்" என்றேன்.

மீதிக் காப்பியைக் குடித்து முடித்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நம்ம வூட்டுல மொதல்ல ஏறுனது நானா?"

"நீதான்."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "முனியப்பன்கிட்ட நீங்களே சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

பிற்பகல் 2.45. மறுபடியும் ராமக்காள் ஏரிக்கரை.

மதியம் மேலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். இறங்குவதற்கு ஏறிய நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. பிரேக் பிடித்துக் கை மரத்ததுதான் மிச்சம். காலையில் பொத்தானாகத் தெரிந்த ஏரி இப்போது கரை கொள்ளாமல் அலையடித்தது. கடையில் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் சைக்கிளோடு நின்றார்கள். எங்களைக் கண்டதும் முனியப்பன் முகம் மலர்ந்தது.

"தம்பிகளா, சொன்னனே, கால ஊனாம மலை ஏறுனவரு, அது இவருதான்!" என்று முதல் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

கை வாங்கப் போனது. ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள்.

"நான் இல்லைங்க முனியப்பன்" என்றேன். "இன்னிக்கும் ஊனிட்டேன். போன வருசம் வண்டியப் புடிச்சுத் தொங்கிட்டுப் போனேன். ஊனாம ஏறுனது இவங்க. இன்னிக்குத்தான்."

பையன்களில் ஒருவன் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டான். முனியப்பன் என்னையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார். "அட என்னாங்க சூசண்ணா, ஒரு வருசமா ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேனே" என்றார். அவர் முகம் வாடியதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. பிறகு கிளாஸை நீட்டியிருந்த கை அப்படியே திரும்பி ஸ்டெல்லா பக்கம் போனது.

"மொத டீ அக்காவுக்கு."

"சர்க்கர இல்லாம வேற போடுங்க" என்றாள் ஸ்டெல்லா.

அவர் கிளாஸைக் கழுவி, புதிதாக ஆற்றிக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கி, ஏரியைப் பார்த்தபடி நிதானமாகக் குடித்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் முனியப்பன் எனக்கு ஊற்றினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம மறுபடியும் போலாங்க" என்றாள். "இந்த வாட்டி நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வரேன்."