இரண்டாம் வரிசை

பருத்தியங்குடி கீழத்தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நீலாம்பாள். அப்பா காத்தான், மிராசுதார் காயாரோகணத்தின் பண்ணையில் உழைத்தே செத்தவர். அண்ணன் வீரையன் அதே பண்ணையில் ஏர் பிடித்துக்கொண்டு, தங்கையை அரசு விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தான். விடுமுறைக்கு அவள் ஊருக்கு வரும்போது, வாய்க்காலில் அரித்துப் பிடித்த கெண்டைக் குஞ்சுகளை அண்ணி அம்சம் தனக்கு வைத்துக்கொள்ளாமல் அவள் தட்டில் தள்ளுவாள்.

"நீ தின்னு நீலா. படிக்கிற மூளைக்கு வேணும்ல."

நீலாம்பாள் தின்பாள். படித்தாள். பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் இராஜாங்கத்திடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் கழக ஆட்சி. மேடைதோறும் நில உச்சவரம்பு என்று பேச்சு. தஞ்சைச் சீமையில் நிலமெல்லாம் பினாமிப் பெயர்களுக்குள் பதுங்கிக்கொண்டிருந்தது. வெண்மணியின் சாம்பல் இன்னும் ஆறாத காலம். கீழத்தெருவில் செங்கொடி ஏறியிருந்தது. வீரையன் சங்கத்தில் இருந்தான்.

இராஜாங்கம் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் உளவியல் படித்துத் திரும்பியவர். சாமி, சாதி இரண்டையும் மேடையில் வைத்துக் கிழிப்பவர். சேற்றில் உழைக்கிறவன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, அது பிறவியிலேயே அப்படி என்று சொல்லித் திரிந்தவர்களின் வாயை அடைக்க நினைத்தார்.

"பிறப்பு இல்ல, பசிதான் காரணம்னு காட்டணும் நீலாம்பாள்" என்றார். "பேசிக் காட்டுனா நம்பமாட்டான். அளந்து காட்டணும்."

அதற்கு ஒரு திட்டம் வைத்திருந்தார். ஒரே தெருவின் சிறு பிள்ளைகளை இரண்டு வரிசையாகப் பிரிப்பது. முதல் வரிசைக்குத் தினமும் சாயங்காலம் பால்பவுடரும் கடலை மாவும் மருந்துச் சத்தும் சேர்த்த கஞ்சி. இரண்டாம் வரிசைக்குக் கஞ்சி கிடையாது, பரிசோதனை மட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து எந்த வரிசையின் நினைவுத்திறனும் புத்தியும் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று பார்ப்பது. அதன் பிறகு இரண்டாம் வரிசைக்கும் கஞ்சி உண்டு. உயிரியல் துறை நண்பர் இரத்தம் எடுத்துப் பார்ப்பார். யார் எந்த வரிசை என்பதைச் சென்னையில் கணக்குத் துறை நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரில் குலுக்கித் தருவார்.

"நாம பிரிச்சா பாசம் வந்து ஒட்டிக்கும். மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது" என்று சிரித்தார் இராஜாங்கம்.

வெளியாட்களை எந்தக் கீழத்தெருவும் உள்ளே விடாத நேரம். நீலாம்பாள் தன் தெருவையே காட்டினாள். தாய்மார்களிடம், "மொதல்ல கொஞ்சம் பேருக்கு, அப்புறம் எல்லாருக்கும்" என்றாள். அவள் சொன்னதால் ஒத்துக்கொண்டார்கள்.

சென்னையிலிருந்து குலுக்கல் வந்தது. பக்கத்து வீட்டு முருகையன் மகன் முதல் வரிசை. வீரையனின் மகள் தமிழரசி இரண்டாம் வரிசை. அந்தப் பிள்ளைக்கு அப்போது நான்கு வயது. பெயர் வைத்ததே நீலாம்பாள்தான்.

கஞ்சியை அங்கேயே, அவள் கண்முன் குடிக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. கொஞ்ச நாளில் பிள்ளைகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசி வாய்க் கஞ்சியை விழுங்காமல் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முருகையன் மகனைத்தான் முதலில் பிடித்தாள்.

"வாயத் தொற."

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினான். நீலாம்பாள் தாடையைப் பிடித்து அழுத்தி, விழுங்குகிறவரை விடவில்லை. அவன் அழுதுகொண்டே விழுங்கினான். அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆக்கினாள். தெருவில் அவளைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் தாமாகவே வாயைத் திறந்தன.

இரண்டாம் வருஷம் சம்பா அறுவடையில் கூலித் தகராறு முற்றியது. கீழத்தெரு அரிவாளைக் கீழே போட்டது. காயாரோகணம் வெளியூர் ஆட்களைப் போலீஸ் வேனுக்குப் பின்னால் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் தடியோடு ஆள் நின்றான். நண்டு பிடிக்க, நத்தை பொறுக்க, எலி வளையில் கிடக்கும் நெல்லைத் தோண்ட, எதற்கும் வயலில் கால் வைக்க முடியவில்லை. தெரு பட்டினி கிடந்தது.

நீலாம்பாள் கும்பகோணம் போய் நின்றாள்.

"எல்லாப் புள்ளைக்கும் ஊத்திடலாம் சார். அடுப்பே எரியல."

இராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் வயிறு எரியுதும்மா. ஆனா யோசி. இப்ப ஊத்துனா இத்தன நாள் செஞ்சது பாழ். இந்தப் பஞ்சத்துல ரெண்டு வரிசைக்கும் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். இப்படி ஒரு சந்தர்ப்பத்த நாமளா உண்டாக்க முடியுமா? இது நிரூபணமாச்சுன்னா நாட்டுல எத்தன லட்சம் புள்ளைக்குச் சோறு கேக்கலாம்! ஒரு தெருவப் பாக்காத."

அவள் ஊருக்குத் திரும்பினாள். அவர் சொன்னதை அவள் நம்பினாள். பட்டமும் வேண்டியிருந்தது. அந்த இரண்டில் எது பெரிது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் தமிழரசிக்குப் பரிசோதனை. அட்டையில் படம் காட்டி, மூடி, என்ன பார்த்தாய் என்று கேட்க வேண்டும். கோழி, குடை, ஆடு. பிள்ளை அட்டையை மூக்கருகே கொண்டுபோனது. பிறகு அத்தையின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாடு" என்றது. அடுத்த அட்டைக்கும் "மாடு" என்றது. எழுந்து போகும்போது வாசல் நிலையில் முட்டிக்கொண்டது.

நீலாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. மாலைக்கண். ஆனாலும் விடை தவறு என்றுதான் குறித்தாள். மறுநாள் போய்ச் சொன்னபோது இராஜாங்கம் கொஞ்சம் யோசித்தார்.

"முருங்கைக்கீரை குடுக்கச் சொல்லு. அது நம்ம கஞ்சி இல்லையே, விதிக்கு விரோதமில்ல."

முருங்கை மேலத்தெருவில் காயாரோகணத்தின் கொல்லை வேலியில் மட்டும்தான் இருந்தது. விடியலில் அம்சம் போய் ஒரு கொத்து ஒடித்தாள். காவல்காரன் அவள் கையைத் தடியால் அடித்து முறித்தான். கீரை அங்கேயே கிடந்தது.

முறிந்த கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, அன்று சாயங்காலம் அம்சம் கஞ்சி காய்ச்சும் கொட்டகைக்கு வந்தாள். முதல் வரிசையில் ஒரு பிள்ளை காய்ச்சலில் வரவில்லை. அதன் பங்கு குண்டானில் மிஞ்சியிருந்தது.

"நீலா, அந்த ஒரு டம்ளரு. எம்புள்ளைக்குச் சாயங்காலமானா கண்ணு தெரியல. நீ ஊத்த வேணாம். நீ அந்தாண்ட திரும்பிக்க, நான் எடுத்துக்கிறேன்."

"அண்ணி, இன்னும் ஒரே ஒரு பரிசோதனைதான் பாக்கி. அடுத்த மாசம் எல்லாருக்கும் வந்துடும்."

"அடுத்த மாசத்தயா இப்ப திங்கிறது?"

மிச்சத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதும் விதி. நீலாம்பாள் குண்டானைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். அம்சம் பின்னாலேயே வந்தாள். நீலாம்பாள் கஞ்சியைத் தண்ணீரில் கவிழ்த்தாள். வெள்ளையாகக் கொஞ்ச தூரம் ஓடிக் கலைந்தது. குஞ்சு மீன்கள் வந்து மொய்த்தன. அம்சம் நல்ல கையால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரமே தெருவில் மணல்வாரி அம்மை இறங்கியது. தேறிய பிள்ளைகள் தேறின. தமிழரசியின் கருவிழிகள் வெளுத்து, குழைந்து, வெந்த முட்டைபோல ஆகிவிட்டன. அம்மை கண்ட பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது என்று தெரு தடுத்ததையும் மீறி, வீரையன் தோளில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நீலாம்பாளும் கூடப் போனாள். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"முடிஞ்சு போச்சு. சத்தில்லாத உடம்புல அம்மை இப்படித்தான் பண்ணும். பாலோ கீரையோ கொஞ்சம் உள்ள போயிருந்தா தப்பிச்சிருக்கும். வீட்டுல படிச்சவங்க யாரும் இல்லையா?"

வீரையன் தங்கையைப் பார்த்தான். "இருக்காங்க" என்றான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை.

சொன்னபடியே, காலம் முடிந்ததும் இராஜாங்கம் பால்பவுடர் டப்பாக்களோடு பருத்தியங்குடிக்கு வந்தார். பந்தல் போட்டு, கல்லூரி முதல்வர் கையால் இரண்டாம் வரிசைப் பிள்ளைகளுக்கு டப்பா கொடுத்தார்கள். தமிழரசியையும் யாரோ தூக்கிவந்து நிறுத்தினார்கள். பிள்ளை டப்பாவை வாங்கிக் குலுக்கிப் பார்த்து, கிலுகிலுப்பை என்று நினைத்துச் சிரித்தது. போட்டோ எடுக்க வந்தவர், "பாப்பா, இங்க பாரு, இங்க பாரு" என்று கையைத் தட்டினார்.

அம்சம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். நீலாம்பாள் பக்கத்தில் போனாள்.

"அண்ணி..."

"எம்புள்ள கண்ண நீ கேட்டிருந்தா ஒண்ண குடுத்திருப்பேன் நீலா. ரெண்டயும் எடுத்துக்கிட்டியே" என்றாள் அம்சம். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். டப்பா பந்தலிலேயே கிடந்தது.

ஆராய்ச்சி நன்றாக வந்திருந்தது. கஞ்சி குடித்த பிள்ளைகள் எல்லாவற்றிலும் முந்தியிருந்தார்கள். பசிதான் காரணம் என்பது எண்ணில் தெரிந்தது. கண் தெரியாத பிள்ளையால் கடைசிப் படப் பரிசோதனையைச் செய்ய முடியாது என்பதால் தமிழரசியை இராஜாங்கம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "இரண்டாம் வரிசையில கடைசியில ஒரு புள்ள குறையுதே?"

"அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிடுச்சு" என்றார் இராஜாங்கம்.

"போகல சார்" என்றாள் நீலாம்பாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "ஊர்லதான் இருக்கு. கண்ணு ரெண்டும் போயிடுச்சு. எங்கண்ணன் மவ. கஞ்சி குடுக்காததுனால போச்சு. எங்கிட்ட இருந்துது, நான் குடுக்கல."

இராஜாங்கம் குனிந்துகொண்டார். வந்தவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"வருத்தமான விஷயம்தான். நோய் காரணமா விலகியதுன்னு அடிக்குறிப்பு போட்டுடுங்க. அந்தப் புள்ளைய சேத்தாலும் முடிவு மாறாதில்ல?"

"மாறாது" என்றார் இராஜாங்கம். "இன்னும் பலமாத்தான் ஆகும்."

"அப்பச் சரி. வாழ்த்துகள், டாக்டர் நீலாம்பாள்."

அவள் எழுந்து கைகூப்பினாள். பட்டத்தை அப்போது மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. கல்யாணம் என்று யாரும் பேச வரவில்லை. பேசவேண்டியவர்கள் பருத்தியங்குடியில் இருந்தார்கள். பொங்கலுக்கு ஒருமுறை துணிமணியோடு போனாள். தெருமுனையிலேயே வீரையன் குறுக்கே நின்றான். அவள் திரும்பி வந்துவிட்டாள். தமிழரசியைத் திருச்சியில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள், பிறகு நாகப்பட்டினத்தில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராகிவிட்டாள் என்று யார் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாள்.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம், வாசலில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண். முகம் அப்படியே அம்சம்.

"டாக்டர் நீலாம்பாள் வீடுதானே?"

"தமிழு..."

"அத்தையா? அம்மா செத்துட்டாங்க. நாளைக்குக் கருமாதி."

"எப்ப? எனக்கு ஒரு ஆளு சொல்லலியே... இதோ, இப்பவே கெளம்பறேன்."

"இல்லங்க. நீங்க வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. சேதி எப்படியும் காதுக்கு வந்துடும், கெளம்பி வந்து நின்னா தெருவுல அசிங்கமாயிடும்னு அப்பா சொன்னாங்க. அதான் நானே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

குரலில் கோபமில்லை. அலுவலகத்தில் அழைப்பை மாற்றிக் கொடுக்கிற குரல்.

"உள்ள வா. சாப்புட்டுப் போ."

தமிழரசி கொஞ்சம் யோசித்தாள். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல. போடுங்க."

சோறும் சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் இருந்தன. தட்டில் எது எங்கே என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். மறுசோறு கேட்டு வாங்கினாள். மோர் குடித்தாள். நீலாம்பாள் பக்கத்தில் நின்று பரிமாறினாள். தமிழரசி கை கழுவி, கோலைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வரேன்மா."

"வேணாங்க. வழி கேட்டா யாராவது சொல்லுவாங்க."

கோல் சத்தம் தெருத் திருப்பம்வரை கேட்டது.

மறுநாள் காலை நீலாம்பாளுக்குக் கல்லூரியில் இரண்டு வகுப்புகள். இரண்டையும் எடுத்தாள்.