பெருமாள் கற்பூரத்தில் கை அடிக்கவில்லை

பாலாற்றங்கரையில், ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் போனால் டீ குடிக்கிற நேரத்தில் வந்துவிடுகிற ஊர் அது. அந்த ஊரில் பெருமாள் என்று ஒருவர் இருந்தார். மீசை முளைப்பதற்கு முன்பே தோல் பதனிடுகிற டேனரிக்கு வேலைக்குப் போனவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் முக்கி எடுத்து மயிர் கழிக்கிற வேலை. பெரும்பாலும் ராத்திரி ஷிப்டு. பேச்சு கம்மி. கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதுகூட மீனாம்பாள்தான் "கொஞ்சம் குனியேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறமும் வீட்டில் பேசுகிற வேலையெல்லாம் மீனாம்பாளுடையதாகவே இருந்தது.

அவர்களுக்கு ஒரே பெண், ஜோதி. ஷூ கம்பெனியில் மெஷின் ஓட்டினாள். குடியாத்தத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியும் காபியும் கொடுத்த கையோடு மாப்பிள்ளையிடமே போய், "அண்ணே, நான் கட்டிக்க மாட்டேன். கூட வேலை செய்ற கரோலினோடதான் காலம் பூரா இருப்பேன்னு முடிவு பண்ணிட்டேன். கோச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் வண்டி ஏறுவதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

பெருமாள் அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டுச் சோற்றைத் தொடாமல் டீக்கடையில் பன்னைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனார். அப்படியே சில வாரம் ஓடியது. அதற்குள் கரோலினை அவள் வீட்டில் துணிமணியோடு வெளியே தள்ளிவிட, மீனாம்பாள் பின்கட்டு அறையைக் கூட்டிப் பெருக்கி இரண்டு பெண்களையும் அங்கே குடிவைத்தாள். அந்தச் சமயத்தில்தான் சுண்ணாம்பு அரித்துப் பெருமாளின் விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கண்டது. கரோலினின் அம்மா ஆஸ்பத்திரி ஆயா. கட்டுப் போடுவது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். கேட்காமலேயே வந்து உட்கார்ந்தாள், தேங்காயெண்ணெய் தடவினாள், பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள்.

"எரியுதா மாமா?"

"எரியுது."

அன்றைக்கு ராத்திரிச் சோற்றை அவர் வீட்டில்தான் தின்றார். சமாதானம் என்றால் அவ்வளவுதான். அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

பேசியதெல்லாம் தெருதான். வீட்டுச் சுவரில் கரியால் அசிங்கமாகப் படம் போட்டார்கள். டீக்கடையில் பெருமாள் உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்துகொண்டார்கள். ஒருநாள் ஒருவன் கேட்டான்.

"பெருமாளு, உன் வூட்டுல மாப்பிள்ளை எது, பொண்ணு எது?"

"ரெண்டும் சோறு துன்ற புள்ளைங்க. நீ டீயக் குடி, ஆறிடும்."

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை குழாயடியில் நடந்தது. அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் டேனரியில் தோல் கழுவின தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போய்விட்டது. அந்தத் தண்ணீரில் பொங்கினால் சோறு மஞ்சளாக இருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை பஞ்சாயத்துக் குழாயில் வருகிற தண்ணீர்தான் குடிக்க. அது வருவதற்கு வெகுநேரம் முன்பே குடத்தை வரிசையில் வைத்து இடம் போட வேண்டும். ஜோதியும் கரோலினும் வைத்த குடத்தை மட்டும் யாராவது காலால் உதைத்துச் சாக்கடையில் உருட்டிவிடுவார்கள். யாரென்று கேட்டால் அத்தனை பேரும் வானத்தைப் பார்ப்பார்கள். இரண்டு பேரும் வேலை விட்டு வந்து பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த ஊருக்கும் சேதி எட்டியது. அங்கேயும் விரட்டினார்கள்.

வார்டு மெம்பர் ஏகாம்பரம் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"பெருமாளு, ஊர்ல வயசுப் பொண்ணுங்க இருக்குது. பாத்துக் கெட்டுப்பூடும். தேர்தல் முடியற வரிக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள அந்தக் கிறிஸ்துவப் பொண்ண அனுப்பிடு. உன் பொண்ணுக்கு எவனையாவது புடிச்சிக் கட்டி வை. இல்லன்னா உன் வூட்டுக்கே குழாய் கெடையாது."

2006-ஆம் வருஷத்து உள்ளாட்சித் தேர்தல் அது. அந்த வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டதால் ஏகாம்பரம் தன் மனைவி முனியம்மாவை நிறுத்தினார். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது என்றுதான் ஊரே நினைத்தது. சேதி வந்த அன்றைக்கு மீனாம்பாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"நான் நிக்கிறேன்."

"இன்னாத்துக்கு?" என்றார் பெருமாள்.

"குழாயண்ட என் புள்ளைங்க நிக்கக் கூடாதுன்றானுங்க. நான் மெம்பராகி நிக்கிறேன். அப்போ எவன் குடத்த ஒதைக்கிறான்னு பாக்குறேன்."

"தோத்துட்டா?"

"இப்ப மட்டும் ஜெயிச்சிக்கினா இருக்கோம்?"

மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட ஒரு ஆளும் வரவில்லை. பெருமாளே போட்டார். சின்னம் பூட்டு சாவி. ஓட்டுக் கேட்கப் போகும்போது மீனாம்பாள் இரண்டு பெண்களையும் இரண்டு பக்கத்தில் கூட்டிக்கொண்டுதான் போனாள். தெருவில் கால் வைத்ததும் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. ஒரு வீட்டு மாடியிலிருந்து பாத்திரம் கழுவின தண்ணீர் வந்து விழுந்தது. கரோலின் முந்தானையால் மீனாம்பாளின் தலையைத் துடைத்துவிட்டாள். அதைப் பார்த்தும் சிரித்தார்கள்.

நல்லது சொல்வதுபோல ஒருத்தி வந்தாள். பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள், ஷூ கம்பெனியில் அடித்தோலுக்குக் கம் தடவி ஒட்டுகிறவள்.

"யக்கா, உன் வாய்க்குத் தண்ணி கொண்டாந்துடுவ. அதுல எனக்கு டவுட் இல்ல. ஆனா இதுங்கள வூட்டுல வுட்டுட்டு வாயேன். தண்ணியப் பத்தி மட்டும் பேசு."

"இதுங்களுக்காவத்தான் நிக்கிறேன். இதுங்கள மறைச்சி வச்சி ஓட்டு வாங்கினா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு குழாயண்ட இதுங்கள நிக்க வைப்பேன்?"

கண்ணம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் தட்டியது. மெம்பராக இருந்தும் தண்ணீருக்கு ஒன்றும் செய்யவில்லையென்று தன்மேல் கசப்பு இருப்பது அவருக்கும் தெரியும். அதனால் ஓட்டுக்கு முந்தின வாரம், நட்டநடுப் பகலில், கெங்கையம்மன் கோயிலுக்கு ஊரைக் கூட்டினார். ஊர் என்றால் ஆம்பளைகள்தான். பெண்களில் முக்கால்வாசிப் பேர் விடியற்காலையிலேயே கம்பெனி வேனில் போய்விட்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களைக் கூப்பிட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. எந்தக் காலத்திலும் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் எரிகிற கற்பூரத்தில் கை அடித்து, மீனாம்பாளுக்கு என் வீட்டு ஓட்டு இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். ராத்திரி வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த பெருமாளையும் எழுப்பிக் கூட்டி வந்தார்கள்.

தட்டு கை மாறி மாறி வந்தது. ஒவ்வொருவனும் படாரென்று அடித்தான். அணைய அணையப் பூசாரி புதுக் கட்டி போட்டுக்கொண்டே இருந்தார். தட்டு பெருமாளிடம் வந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடிப்பா," என்றார் ஏகாம்பரம். "நீ அடிச்சிட்டா எல்லாத்தியும் மறந்துடறோம். உன் பொண்ணு ஊர்ப் பொண்ணு, நாங்களே மாப்பிள்ள பாக்குறோம்."

"என் பொண்ணு எங்கூடத்தான் இருக்குது, மெம்பரே. பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"பொண்டாட்டிக்கு அவ்ளோ பயமாடா?" என்று பின்னாலிருந்து ஒருவன்.

"அவளுக்கு ஓட்டுப் போடப் போறேன். அம்மன் முன்னாடி போட மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

வாழ்நாளில் அத்தனை பேர் நடுவில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். செருப்பைக்கூடத் தேட விடவில்லை. அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, முடி வெட்டக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்று அங்கேயே கட்டுப்பாடு போட்டார்கள். வெறுங்காலோடு வெயிலில் நடந்து வந்த பெருமாள், மறுபடி படுத்துக்கொண்டார். தூக்கம் வரவில்லை. மனதுக்குள் அவர் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். பெண்களை ராணிப்பேட்டையில் எங்கேயாவது குடிவைக்கலாமா என்று யோசித்தார். தேர்தல் இனிமேல் ஒரு பேச்சுக்குத்தான் என்று நினைத்தார்.

யூனியன் ஆபீசில் ஓட்டு எண்ணினார்கள். மீனாம்பாள் ஜெயித்துவிட்டாள். வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதானே.

மறுநாள் காலை ஏகாம்பரம் குழாயடித் தெருவில் நின்றுகொண்டு ஒவ்வொரு ஆம்பளையாக நிறுத்திக் கேட்டார்.

"அம்மன் மேல சத்தியம் பண்ணியே, உனக்கு வாய் புழுத்துப் போவாதா?"

"நான் மீறலண்ணே. உங்க சின்னத்துலதான் குத்தினேன்." எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். உண்மையும் அதுதான்.

வரிசையில் குடத்தோடு நின்ற கண்ணம்மாள் சலித்துப்போய் வாயைத் திறந்தாள்.

"இன்னாத்துக்கு எங்க வூட்டுக்காரரப் போட்டுப் பேஜார் பண்றீங்க? சத்தியம் பண்ணது அவரு. நான் அன்னிக்குக் கம்பெனில கம் தடவிக்கினு இருந்தேன்."

"வூட்டுக்கு ஒரு கை அடிச்சா வூட்டுக்கே பொருந்தும்."

"ஓட்டு வூட்டுக்கு ஒண்ணா கொடுத்தாங்க?"

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மீனாம்பாள் ஓடி வந்து கண்ணம்மாளின் கையைப் பிடித்தாள். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"யக்கா, உன் பொண்ணுக்காவப் போட்டேன்னு நெனச்சிக்காத. தண்ணிக்குப் போட்டேன். இதுங்க பண்றது எனக்கு அருவருப்பாத்தான் இருக்குது. இதுங்க குடம் என் குடத்துல பட்டா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

மீனாம்பாள் பதவி ஏற்கப் போன அன்று தண்ணீர் முறை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஜோதியும் கரோலினும் குடத்தை எடுத்தார்கள். பெருமாள் கூடவே போய்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். அவர்கள் குடத்தை வைத்ததும் முன்னாலிருந்த குடம் முன்னே நகர்ந்தது, பின்னால் வந்த கண்ணம்மாளின் குடம் தள்ளியே நின்றது. நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம். ஒரு கிழவர் காறித் துப்பிவிட்டுப் போனார். ஆனால் குடத்தை யாரும் உதைக்கவில்லை. மெம்பர் வீட்டுக் குடம்.

முறை வந்தது. ஜோதி பிடித்தாள், கரோலின் தூக்கிவிட்டாள். அடுத்து வந்த கண்ணம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் குழாயின் வாயை மூன்று தடவை நன்றாகக் கழுவினாள். கழுவிவிட்டுத்தான் தன் குடத்தை வைத்தாள்.

ஜோதியின் முகம் சுருங்கிவிட்டது. "பாத்தியா நைனா, எப்படிக் கழுவுறா."

"கழுவிக்கட்டும்," என்றார் பெருமாள். "அடுத்த குடத்த வரிசையில வை."