டெலஸ்கோப்பின் வாயில் ஒரு வெள்ளித் தாள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திண்டிவனத்தில் ஒரு நல்ல மனிதரின் வலது கண்ணை நான் பறித்திருப்பேன். இரண்டு நிமிடத்தில் தப்பியது.

விஷயம் இதுதான். நிலாவைப் பார்க்க ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கிய கதையை இங்கே எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டிருந்தார்கள் – ‘இதிலேயே சூரியனைப் படமெடுக்க முடியுமா? புதிதாக என்ன வாங்க வேண்டும்?’

தெரியாது என்று பதில் போட்டிருக்கலாம். பத்தி எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் கைக்கு வராது. செய்து பார்த்துவிட்டே எழுதுவோம் என்று, டெலஸ்கோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, “இன்னா சார், குத்துவிளக்கா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொன்னால் திண்டிவனம் வந்துவிடும்.

திண்டிவனத்தில் செல்வம் இருக்கிறார். கல்யாண போட்டோகிராபர். என் மகள் கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்தவர், அப்படியே நண்பராகிவிட்டார். அவர் மனைவி ஸ்டெல்லா கீழே ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்கிறார். ஆல்பம் டிசைன், பாஸ்போர்ட் போட்டோ, கஸ்டமரிடம் சண்டை – எல்லாம் அவர் பொறுப்பு. செல்வத்தின் பொறுப்பு ஒன்றே ஒன்றுதான். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி, இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் கேமராவில் வைப்பது. அந்தக் கண்ணில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது.

மொட்டை மாடியில் ஸ்டாண்டை விரித்தோம். மணி பத்து. நல்ல வெயில்.

டெலஸ்கோப்போடு ஒரு சின்ன கறுப்புக் கண்ணாடியும் வந்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. ‘சூரியனுக்கு’ என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தார்கள். கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸில் அதைத் திருகிப் பொருத்த வேண்டும். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏன் தெரியுமா? பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் ஒரு சர்க்கரை ஆலையில் சேஃப்டி பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவன். கறுப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் வைத்தவர்களைத் துரத்தித் துரத்தி மெமோ கொடுத்தவன். கறுப்புக் கண்ணாடி இருந்தால் கண் பத்திரம் என்பது எனக்கு ரத்தத்திலேயே ஊறிப்போன பாடம்.

செல்வத்துக்கு அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம் வேறு. மத்தியான வெயிலில் மாப்பிள்ளை ஊர்வலம் எடுக்க லென்ஸ் முன்னால் ஒரு கறுப்பு ஃபில்டர் மாட்டுவார்கள். அதையும் எடுத்து வந்திருந்தார்.

“ரெண்டையும் அந்த ஐபீஸ்லயே போட்டுடலாம் சார். டபுள் சேஃப்டி. இதைப் போட்டுக்கினு தான் சித்திரை வெயில்லயே எடுக்கிறோம், ஒண்ணும் ஆவல.”

ஒன்றும் தெரியாதவன் யாரையாவது கேட்டுவிட்டுச் செய்வான். கொஞ்சம் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்தால்... யாரையும் கேட்க மாட்டார்கள்.

குழாயின் நிழல் தரையில் எவ்வளவு சின்னதாக விழுகிறதோ, அவ்வளவு நேராகச் சூரியனைப் பார்க்கிறது என்று அர்த்தம். அந்த வித்தை மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. நிழலைச் சுருக்கி, ஸ்டாண்டின் திருகாணியை இறுக்கினேன். பிறகு பெருந்தன்மையாக ஒரு காரியம் செய்தேன்.

“முதல்ல நீங்க பாருங்க செல்வம். கேமராக் கண்ணு உங்களுதுதான்.”

அவர் தொப்பியைப் பின்பக்கம் திருப்பினார். குனிந்தார். இடது கண்ணை மூடினார்.

“ஏங்க!” என்று மாடிப்படியிலிருந்து ஸ்டெல்லாவின் குரல். “பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆளு வந்து நிக்கிறாரு.”

“ஒரு நிமிசம் இரு. பாத்துட்டு வர்றேன்.”

“அவரு அனந்தபுரம் பஸ்ஸைப் புடிக்கணுமாம். ஜல்தி வாங்க!”

“சூரியன் எங்க போயிடப் போவுது? பேஜாரு...” என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அவரை முந்திக்கொண்டு பார்ப்பது மரியாதை இல்லை என்று நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். ‘டிக்’ என்று ஒரு சத்தம். சூடான டீ ஊற்றினால் கண்ணாடி டம்ளர் விரியுமே, அந்தச் சத்தம்தான். ஐபீஸ் வழியாகப் பளீரென்று வெளிச்சம் வெளியே வந்தது. குழாயைத் திருப்பக் கையை நீட்டினேன். புறங்கையில் சுரீரென்று சுட்டது. திருப்பிவிட்டு ஐபீஸைக் கழற்றிப் பார்த்தால், கறுப்புக் கண்ணாடி குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. செல்வத்தின் ஃபில்டரும் ஒரு பக்கம் பொங்கியிருந்தது.

பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உடைந்ததைப் பையில் போட்டுக்கொண்டு, ‘இன்னைக்கு மேகமா இருக்கு, அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிடலாமா? அப்படியும் ஒரு யோசனை ஓடியது. வானத்தில் மேகமே இல்லை. அதனால் அந்தப் பொய்யிலிருந்து தப்பித்தேன்.

செல்வம் வந்தார். “இன்னா சார், செட் ஆயிடுச்சா?”

உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவர் கை தானாகப் போய் வலது கண்ணை மூடிக்கொண்டது.

“அடுத்த மாசம் மூணு முகூர்த்தம் ஒத்துக்கினு இருக்கேன் சார்,” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திட்டும் வேலையை ஸ்டெல்லா செய்தார். “ஏன் சார், கண்ணுன்னா இன்னா லென்ஸா? போச்சுன்னா கழட்டி மாத்திக்க? படிச்சவரு நீங்க, எத்தையும் விசாரிச்சுக்கினு வர மாட்டீங்களா?”

விசாரித்தேன். அடி வாங்கிய பிறகு விசாரிப்பதுதானே நம் வழக்கம்!

தப்பு கறுப்பில் இல்லை, இடத்தில். டெலஸ்கோப்பின் வாயில் விழும் அத்தனை வெயிலும் குவிந்து வந்து சேரும் இடம் ஐபீஸ். பூதக்கண்ணாடியால் காகிதம் கொளுத்தியிருப்பீர்களே... காகிதம் பற்றிக்கொள்கிற அந்தப் புள்ளியில் போய்த் துண்டுக் கண்ணாடியை வைத்திருந்தோம். வெடிக்காமல் என்ன செய்யும்? வெயிலை உள்ளே விட்டுவிட்டு வடிகட்டக் கூடாது. வாசலிலேயே நிறுத்த வேண்டும். அதோடு, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் சூட்டைத் தடுப்பதில்லை. கல்யாண ஃபில்டரும் எக்ஸ்-ரே தாளும் அந்த வகை.

ஆக, புதிதாக ஆரம்பிக்கிறவர் முதலில் வாங்க வேண்டியது, டெலஸ்கோப்பின் முன்வாயை மூடுகிற சோலார் ஃபில்டர் தாள். சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த தாளாக இருக்க வேண்டும். அதைத் தருவித்துக்கொண்டு மறுபடி திண்டிவனம் போனேன். ஸ்டெல்லா விரித்துப் பார்த்தார்.

“மிக்சர் பாக்கெட்டோட உள்பக்கம் மாதிரி இருக்குது. இதுவா காப்பாத்தும்?”

நியாயமான கேள்வி. மெல்லிய வெள்ளித் தாள், கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். சுருக்கத்தால் பாதகமில்லை, ஓட்டைதான் ஆகாது. டார்ச் அடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தோம். செல்வம் பழைய ஆல்பப் பெட்டியின் அட்டையை வெட்டி, குழாய்க்கு இறுக்கமாக ஒரு வளையம் செய்தார். வளையத்தில் தாளை ஒட்டி, குழாயின் வாயில் மாட்டி, சுற்றிலும் டேப் போட்டார் ஸ்டெல்லா. மாடியில் காற்று அடித்தால் மூடி பறக்குமே! குறிபார்க்க மேலே இருக்கும் சின்னக் குழாயையும் அவரே கழற்றச் சொன்னார். “அதுலயும் லென்ஸ் இருக்குதில்ல?” எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் பெரிய செலவு இல்லை. சந்தைக்குப் புதிதான டெலஸ்கோப் எல்லாம் வேண்டாம், எழுபது மில்லிமீட்டர் வாய் உள்ளது போதும். ஆடாத ஸ்டாண்ட் மட்டும் அவசியம். என்னுடையது முருங்கைக் கிளை போல ஆடியது, காலில் செங்கல் கட்டித் தொங்கவிட்டோம். செல்போனை ஐபீஸில் பிடித்துவைக்கும் கிளாம்ப் ஒன்று இருந்தால் போனிலேயே எடுக்கலாம். செல்வம் தன் பழைய கேமராவை ஒரு வளையம் போட்டு நேராக மாட்டினார். கண்ணை வைக்கவில்லை, திரையில் பார்த்தே ஃபோகஸ் செய்தார். சூரியனின் விளிம்பு கத்தி வெட்டியது போலத் தெரியும்வரை திருக வேண்டுமாம். டைமர் போட்டுக் கையை எடுத்துவிட வேண்டுமாம். தளம் சூடேறினால் படம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிகிறது, அதனால் எட்டு மணிக்குள் முடித்தோம். நெருப்பு நாக்கு நீட்டும் சிவப்புச் சூரியன் வேண்டுமென்றால் அதற்குத் தனி டெலஸ்கோப், தனி விலை. இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

படம் வந்தது. வெள்ளையாக ஓர் அப்பளம். அதில் இரண்டு மிளகுத் துணுக்குகள்.

“இவ்ளோதானா?” என்றார் ஸ்டெல்லா.

“அந்தப் புள்ளிக்குள்ள நம்ம பூமியையே போட்டு வைக்கலாம்மா,” என்றேன்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சொன்னார், “அப்போ நேராவே பாக்கணும்.”

கேமராவைக் கழற்றி ஐபீஸை மாட்டினோம். தாள் வாயில் இருக்கிறது, துளை இல்லை, டேப் இறுக்கம், பயமே வேண்டாம் என்று நான் சேஃப்டி வகுப்பு எடுத்தேன். செல்வம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிந்ததும் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். மொதல்ல நீங்க பாருங்க.”

சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கே நான் செய்திருக்க வேண்டியது அதுதான். எதை வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன் – நல்ல பொருள் என்று யார் சொன்னாலும், முதலில் அவர் கண்ணை வைக்கச் சொல்லுங்கள்.

நான் வைத்தேன். மிளகுத் துணுக்கு இரண்டும் தெளிவாகத் தெரிந்தன.

வைத்தது இடது கண்ணைத்தான்.