ஓங்கிலுக்கு அளவெடுத்த நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில் நடந்தது இது. தூத்துக்குடிக்குத் தெற்கே, சுற்றுச்சுவரைத் தாண்டினால் கடற்கரை என்றிருக்கும் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் தையல் டீச்சர். தொழிற்கல்விப் பிரிவு, ஆடை வடிவமைப்பு என்று எழுத்தில் பெரிதாக இருக்கும். எல்லோர் வாயிலும் வருவதென்னவோ ‘தையல் குரூப்’தான். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிடும் இடம் என்று பள்ளியில் ஒரு நினைப்பு.

அந்த வாரம் ஆசிரியர் கூட்டத்தில் எனக்கும் விலங்கியல் டீச்சருக்கும் முட்டிக்கொண்டது. தையல் பிரிவில் ஆள் குறைகிறது, அதை மூடிவிட்டு அறையை ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம் என்றார் அவர். பள்ளிக்கூடம் உலகத்தைத் தெரிந்துகொள்ளும் இடம், பதினைந்து வயதிலேயே பிள்ளையை ஒரு தொழிலில் கட்டிப்போடக் கூடாது என்பது அவர் கட்சி. கரப்பான்பூச்சியின் இதயத்தில் எத்தனை அறை என்று தெரிந்து யாருக்கு வேலை கிடைத்தது என்பது என் கட்சி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பேச்சுவார்த்தை இல்லாமலேதான் அந்தச் சனிக்கிழமை காலை நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனோம். அவருடைய பிள்ளைகள் ஒரு பக்கம், என்னுடைய பிள்ளைகள் ஒரு பக்கம். பிளாஸ்டிக் பொறுக்குவதில்கூட இரண்டு கூட்டமும் கலக்கவில்லை.

முன்னால் போன பிள்ளைகள் திடீரென்று நின்றுவிட்டார்கள். ஈர மணலில் ஒரு டால்பின் கிடந்தது. எங்கள் பக்கத்து மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். என்னைவிட நீளம். சாம்பல் நிற உடம்பு வெயிலில் காய ஆரம்பித்திருந்தது. கடல் உள்வாங்கிக்கொண்டிருந்ததால் தண்ணீர் அதன் வாலைக்கூடத் தொடவில்லை. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது அதன் கண் அசைந்து என்னைப் பார்த்தது.

பதறிப்போய் ஒரு பிள்ளையின் துப்பட்டாவை வாங்கிக் கடல்நீரில் நனைத்து, அதன் தலை மேல் போர்த்தப் போனேன். விலங்கியல் பிரிவுப் பெண் ஒருத்தி என் கையை எட்டிப் பிடித்தாள்.

“டீச்சர், அங்கன போடாதீங்க. அதுக்கு மூக்கு உச்சந்தலையிலதான் இருக்கு.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, என் கைக்கு அடியில் ஒரு துளை திறந்து ‘புஸ்’ என்று காற்று அடித்தது. சூடான மூச்சு. என் மணிக்கட்டு நனைந்துபோனது. மீன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நம்மைப்போல மூச்சு விடுகிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் விட்டிருந்தால் நானே அதன் மூச்சை அடைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் சொன்னபடியெல்லாம் கேட்டோம். மூச்சுத் துளையை விட்டுவிட்டு உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு, குடை பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். விலங்கியல் டீச்சர் வனத்துறைக்குப் போன் செய்தார். வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கயிற்றை எடுத்தார்.

“வாலுல கட்டி வள்ளத்தை வச்சு இழுத்தா போயிரும்லா. எதுக்கு இம்புட்டு யோசிக்கிய?”

“அப்படி இழுத்தா முதுகெலும்பு போயிரும் மாமா. தண்ணிக்குள்ள போயும் பிழைக்காது,” என்றாள் அதே பெண். போனில் வனத்துறைக்காரரும் அதையேதான் சொன்னார். துணியில் ஏந்திக் கொண்டுபோக முடிந்தால் போங்கள், இழுக்க மட்டும் வேண்டாம் என்றார்.

துப்பட்டாக்களைச் சேர்த்து முடிந்து பார்த்தோம். கிழிந்தது. படகின் தார்ப்பாயை அடியில் கொடுத்துத் தூக்கினால் வழுக்கியது, இரண்டு பக்கமும் கைபோல இருந்த துடுப்புகள் மடங்கின. அது விசில் போல ஒரு சத்தம் போட்டது. மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் வெளுத்தது. மூச்சு முன்னைப்போல இல்லை, தாங்காது டீச்சர் என்றாள்.

என் வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி உண்டு. அளவு நாடாவை எப்போதும் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவாள். அவள் மண்டியிட்டு, நாடாவை ஓங்கிலின் மார்பைச் சுற்றிக் கொண்டுபோனாள். ரவிக்கைக்கு அளவெடுக்கிற அதே நிதானம்.

“துடுப்புக்குக் கை வெட்டுற மாதிரி ரெண்டு ஓட்டை விடணும் டீச்சர். ரெண்டு ஓரமும் நாடா கோக்குற மடிப்பு மாதிரி அடிச்சு, அதுக்குள்ள வள்ளத்து மூங்கிலைச் சொருகிட்டா தூக்கிரலாம்.”

“அம்புட்டுக் கனமான துணிக்கு எங்க போவ?” என்றேன்.

அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. மேடைத் திரை. ஒரு கோடை விடுமுறை முழுக்க என் பிள்ளைகள் உட்கார்ந்து தைத்த அரக்கு நிறத் திரை. இந்தப் பள்ளியில் தையல் குரூப்புக்கு யாராவது கை தட்டினார்கள் என்றால் அதற்காகத்தான்.

சுவரேறிக் குதிக்காத குறையாக ஓடினோம். திரையைக் கழற்றித் தரையில் விரித்த பிறகு, கத்தரியை வைக்க எனக்குக் கை வரவில்லை. அவள்தான் வெட்டினாள். துணியை இரட்டையாக மடித்து மிதி மெஷினில் கொடுத்தோம். ஊசி ஒடிந்தது, மாற்றினோம். ஒருத்தி மிதிக்க, ஒருத்தி துணியைத் தள்ள, ஒருத்தி கையாலேயே முனைகளை இழுத்துத் தைத்தாள். எந்த வகுப்பிலும் அவர்கள் அப்படித் தைத்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது விலங்கியல் டீச்சர் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். துணியை அடியில் செலுத்தினோம். இரண்டு துடுப்பும் இரண்டு ஓட்டைகளுக்குள் கச்சிதமாக இறங்கின. மீனவர்களும் பிள்ளைகளும் இரண்டு பக்கமும் மூங்கிலைத் தோளில் ஏற்றினார்கள். எந்தக் குரூப் எந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை. தையல் தாங்குமா என்று நான் மடிப்பையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு இழை விடவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் மூத்தவர் எங்களை நிறுத்தினார். எனக்கும் விலங்கியல் டீச்சருக்கும் நீச்சல் தெரியாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அது சாயாமல் தானாக மிதக்கும்வரை விடக் கூடாது என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. வால் ஒருமுறை பலமாக அசைந்தது. உடனே நாடா போட்ட என் மாணவி ஒரு பக்கத்து மூங்கிலை உருவினாள். துணி மொத்தமாகக் கீழே தழைந்தது. அப்படிக் கழன்றுகொள்ளும் விதமாகத் தைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்போது யோசித்தாளோ.

ஓங்கில் போய்விட்டது. தூரத்தில் தண்ணீரின் மேல் ஒரு மூச்சு எழுந்தது. இன்னும் தூரத்தில் இன்னொன்று. “மூச்சு விடுது, நல்லா விடுது,” என்று சொல்லிக்கொண்டே அந்த விலங்கியல் பிள்ளை அழுதாள். நாடா போட்ட என் பிள்ளை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வனத்துறை வண்டி அதற்கப்புறம்தான் வந்தது. ஈரப் புடவையோடு திரும்பி வரும்போது விலங்கியல் டீச்சர்தான் முதலில் பேசினார். “எனக்கு ஒரு ரவிக்கை தைக்கணும் டீச்சர். அந்தப் பிள்ளைக்கிட்டயே கொடுக்கேன்.” சிரித்துவிட்டேன். அதன்பிறகு அறையைப் பற்றி அவர் பேசவில்லை, கரப்பான்பூச்சியைப் பற்றி நான் பேசவில்லை.

அந்த வருட ஆண்டு விழா திரை இல்லாமல்தான் நடந்தது. நாடகத்துக்கு நடுவே எல்லோர் கண் முன்னாலும் பிள்ளைகள் நாற்காலி மேசையை மாற்றி வைத்தார்கள். விருந்தினர் காரணம் கேட்டதற்குத் தலைமையாசிரியை, “கடலுக்குக் கொடுத்துட்டோம் சார்,” என்றார்.

இப்போதும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நேரத்தில் பெற்றோர் என்னிடம் வந்து, எந்தக் குரூப் எடுத்தால் நல்லது டீச்சர் என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் படபடவென்று பதில் சொல்வேன். இப்போது அந்தக் கேள்வி வந்தாலே என் மணிக்கட்டில் ஒரு சூடான மூச்சு வந்து படுகிறது. உங்கள் பிள்ளைக்கு எதில் ஆசை என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் பேசட்டும் என்று காத்திருக்கிறேன்.