கப்பலா, மலிவா?

தெல்மியை சான் ரோமானில் யாரும் வெறும் தெல்மி என்று கூப்பிட்டதில்லை. நீன்யா தெல்மி. நீன்யா என்றால் சிறுமி. ஆனால் எல் சால்வதோரின் இந்தக் கடற்கரையில் ஐம்பது வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிட்டால்தான் மரியாதை. எழுபதானாலும் நீன்யாதான். வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பு. சிரிப்போடு நின்றிருந்தால் இதைச் சொல்ல வேண்டியே வந்திருக்காது.

படகுகளை இழுத்துப் போடுகிற மணலுக்கு எதிரே அவளுடைய கடை. தகரக் கூரை, ஒரு இரும்புக் கல், நாலு பிளாஸ்டிக் மேசை. சோள மாவை உள்ளங்கையில் தட்டி, பீன்ஸ் மசியலையும் பாலாடைக்கட்டியையும் உள்ளே வைத்து மூடிக் கல்லில் போடுகிற புப்பூசாதான் வியாபாரம். காப்பித் தோட்டத்து மலையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். மகள் நோயெமி வயிற்றில் இருந்தபோதே கணவன் வடக்கே போய்விட்டான். கொஞ்ச காலம் பணம் அனுப்பினான், பிறகு போன் நம்பரை மாற்றிவிட்டான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. கல் சூடாக இருக்கும்போது பேச வேறு விஷயங்கள் இருந்தன.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. மாவு தொடுகிற கை காசைத் தொடாது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கும். சாப்பிட்டவர்களே அதில் போட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். யாராவது எச்சில் தொட்டு நோட்டு எண்ணினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நீன்யா, எவனாச்சும் டப்பாவோட அள்ளிட்டுப் போனா என்ன பண்ணுவ?" என்று மீனவர்கள் சீண்டுவார்கள்.

"போகட்டும். அவன் கைதான் நாறும்."

அதனால்தான், கண்ணால் பார்க்க முடியாத கம்ப்யூட்டர் காசை அரசாங்கம் சட்டப்படி செல்லும் என்று அறிவித்தபோது ஊரில் பலர் முறைத்தாலும் தெல்மி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். போனுக்குப் போன் போகிற காசு. செதில் ஒட்டாது, எச்சில் படாது. சுத்தமான காசு என்று நினைத்தாள். அப்படி நினைத்ததை ஞாபகப்படுத்தினால் பின்னாளில் அவள் முகம் சுருங்கும்.

செலே யோரனை அறிமுகப்படுத்த வேண்டும். தலைமுடி வெளிறிய எல்லாரும் இங்கே செலேதான். இவர் நார்வேக்காரர், ஒற்றை ஆள், குச்சி மாதிரி உயரம். அறுந்த செருப்பைக் கம்பியால் கட்டிப் போட்டிருப்பார். தினமும் இரண்டு புப்பூசா, முட்டைக்கோஸ் ஊறுகாய் தூக்கலாக. ஒருநாளும் போனில் கட்டியதில்லை, டப்பாவில்தான் போடுவார். அந்தக் காசை யாரும் சீண்டாத காலத்தில், கம்ப்யூட்டரை ராத்திரி பகலாக ஓடவிட்டுத் தோண்டி எடுத்தவர்களில் தானும் ஒருவர் என்று எப்போதோ சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. பழைய சீக்கைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு மறதி ஆரம்பித்தது. சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடியும் சாப்பாடு கேட்டார். அப்போதுதான் இந்தப் பேச்சு வந்தது.

"நீன்யா, எல்லா மேசை ஆர்டரையும் எழுதாமலே ஞாபகம் வெச்சிருக்கியே. எனக்காக ஒரு பன்னெண்டு வார்த்தை வெச்சுக்குவியா?"

"என்ன வார்த்தை?"

"கம்ப்யூட்டர் காசு வெச்சிருக்கிற என் பெட்டியோட சாவி. வரிசையா தட்டினா எந்தப் போன்லயும் தொறக்கும். பேப்பர்ல எழுதினா திருடுவாங்க, போன்ல வெச்சாலும் திருடுவாங்க. தலையில வெச்சிருந்தேன். இப்ப தலையே ஓட்டையாயிடுச்சு."

"நான் திருடினா?"

"உன் கைதான் நாறும்" என்றார்.

பன்னிரண்டும் ஆங்கிலச் சொற்கள். அவளுக்கு ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. அவர் ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். லெமனுக்கு எலுமிச்சையைப் பிழிந்தார். ஏழாவது சொல்லுக்குக் கடல் விளிம்பில் போன சரக்குக் கப்பலை விரலால் காட்டி, "ஷிப்" என்றார். எங்கள் நாக்குக்கு அந்த 'ஷ' படியாது. "சிப்" என்றாள் தெல்மி. அவர் சிரித்து, போதும் என்று விட்டுவிட்டார். அதிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து உட்கார்ந்து கேட்பார். அவள் மாவு தட்டிக்கொண்டே ஒப்பிப்பாள்.

ஒரு காலை யோரன் தான் தூங்குகிற கயிற்று வலை ஊஞ்சலிலேயே செத்துக் கிடந்தார். ஊரே சேர்ந்து புதைத்தது. மறுநாள் தெல்மி போன் ரிப்பேர் கடை வாசல் வரைக்கும் போனாள். பன்னிரண்டு சொல்லும் நாக்கு நுனியில் இருந்தன. உள்ளே இருப்பவனுக்கு அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே வாசலில் நின்றாள். பிறகு திரும்பி வந்து கையை இரண்டு தடவை கழுவினாள்.

அதற்குள் ஒரு வீடியோ கிளம்பிவிட்டது. ஐத்தோர் என்று ஸ்பெயின் தேசத்துப் பையன் ஒருவன், அந்தக் காசை ஆரம்ப காலத்தில் தோண்டியவர்களைத் துப்பறிந்து வீடியோ போட்டுப் பிழைக்கிறவன். யோரன் உயிரோடு இருந்தபோது தெல்மியின் கடையில் வைத்து அவரைப் பேட்டி எடுத்திருந்தான். சாவி எங்கே என்று கேட்டதற்கு யோரன் சிரித்துக்கொண்டே, "சமையல்கட்டு நீன்யாகிட்ட இருக்கு" என்று சொல்வது அதில் இருந்தது. அந்த நொடியில் பின்னால் தட்டு எடுத்துக்கொண்டு போனவள் நோயெமி, பள்ளிக்கூடச் சீருடையில். ஐத்தோரின் ஊரில் நீன்யா என்றால் குழந்தை மட்டும்தான். வீடியோவை நிறுத்தி, அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.

அப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? செத்தவரைப் பற்றி ஆளுக்கொரு கதை. அந்தக் காசைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்றான் ஒருவன். முதன்முதலில் தோண்டியதில் பாதி இன்னும் அவர் பெட்டியில்தான் அசையாமல் கிடக்கிறது என்றான் இன்னொருவன். கம்பி கட்டின செருப்பை எல்லாரும் பார்த்திருந்தார்கள். பெரிய பணக்காரன் அப்படித்தான் இருப்பான் என்றார்கள். அவர் குடிசையில் மெத்தையைக் கிழித்தார்கள். கழிப்பறைக் குழியைக்கூடத் தோண்டிப் பார்த்து, வாரிப் போட்டதை மூடாமல் போனார்கள். அந்த நாற்றம் காற்றில் கடை வரைக்கும் வந்தது. கல்லறை மண் ஒரு காலையில் குலைந்து கிடந்தது. நாய் வேலை என்றார்கள். நாய் மண்வெட்டியோடா வரும்?

உள்ளூர்க்காரர்களுக்கு நீன்யா யார் என்று தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. மாறாக, என்றும் பேசாத பக்கத்துக் கடைக்காரி மீன் சூப் கொண்டுவந்து வைத்தாள். தேவாலயத்தில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்து தெல்மியின் மாவுக் கையை முத்தமிட்டான். அவள் அந்த மாவை அப்படியே கொட்டிவிட்டு வேறு பிசைந்தாள்.

நோயெமியின் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒன்று வர ஆரம்பித்தது. ஒருநாள் அவள் மணிக்கட்டில் நகக்குறியோடு வந்தாள்.

"பன்னெண்டு வார்த்தைய சொல்லு செல்லம்னு ஒருத்தன் கைய முறுக்கினான்மா. எனக்குத் தெரியாதுன்னு அழுதேன். அழுகாச்சிய வீடியோ எடுத்தான்."

தெல்மி போலீஸ் சாவடிக்குப் போனாள். அங்கிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டார், தலையாட்டினார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்த வார்த்தைங்க ஸ்பானிஷா, இங்கிலீஷா?" என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் அவள் தம்பி வில்பெர் புதுப் போனோடு உட்கார்ந்திருந்தான்.

"ஸ்கூல் விடற நேரத்தை அவங்களுக்கு யாருடா சொன்னது?"

"கேட்டாங்க, சொன்னேன். பஸ் நேரம் கேட்டா சொல்றதில்லையா?"

"நீன்யான்னா யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. அதனாலதான் அவளே இருக்கட்டும்னு விட்டேன். உன்னக் காட்டியிருந்தா கழுத்தையில்ல புடிச்சிருப்பாங்க. சின்னப் பொண்ணு, ரெண்டு மிரட்டு மிரட்டிட்டு விட்டுடுவாங்க. பாசம் இல்லாமலா?" கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் போன் திரையைத் துடைத்தான். "எங்கிட்ட மட்டும் சொல்லிடு. பாதி உனக்கு."

அவனைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு மலை இறங்கியவள் தெல்மி. இப்போது அந்த எச்சில் விரலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

பாத்திரம் தேய்க்கும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. விஷயம் ஒரு தலையில் இருக்கும் வரைக்கும் அந்தத் தலையைத்தான் துரத்துவார்கள். எல்லார் தலையிலும் இருந்தால் யாரைத் துரத்துவார்கள்?

இறந்தவருக்காக ஒன்பது நாள் ஜெபம் சொல்வது எங்கள் வழக்கம். ஒன்பதாம் நாள் காப்பியும் சோள மாவை வாழையிலையில் கட்டி வேகவைத்த தமாலும் கொடுத்து முடிப்போம். சொந்தம் இல்லாத யோரனுக்காக, அவரைப் புதைத்த நாளிலிருந்தே தெல்மி தன் கடை முற்றத்தில் நடத்தி வந்தாள். முதல் நாள் வந்தது நாலு பேர். கடைசி நாள் சாயங்காலம் நிற்க இடமில்லை. ஐத்தோர் காமிராவோடு முன்வரிசையில் இருந்தான். கறுப்புக் கண்ணாடிக் கார் ஆட்களும் இருந்தார்கள், ஆளுக்கொரு தமாலோடு.

ஜெபம் நடத்துகிற அம்மாள் புனிதர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, கூட்டம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பாதியில் தெல்மி எழுந்து யோரனின் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி" என்று ஐத்தோரைப் பார்த்தாள். "உங்க ஊர்ல நீன்யான்னா குழந்தை. இங்க நீன்யா நான்தான். என் பொண்ணுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. இந்த ஊருக்கே இது தெரியும், ஒருத்தரும் உங்ககிட்ட சொல்லல. பன்னெண்டையும் இப்ப சொல்றேன், ஒரே தடவை. கேட்டுக்கிட்டு அவள விட்டுடுங்க."

ஐத்தோர் காமிராவை அவள் பக்கம் திருப்பினான்.

"லெமன்" என்றாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது கூட்டம், பழக்க தோஷத்தில்.

"ஹோர்ஸ்."

"எங்களுக்காக…" என்று இரண்டு மூன்று குரல்கள் ஆரம்பித்து நின்றுபோயின.

மூன்றாவது சொல்லுக்குப் பதிலே இல்லை. தலைகள் எல்லாம் குனிந்துவிட்டன. பூசையில் நற்கருணை தூக்கும்போதுகூட சான் ரோமானில் இத்தனை தலைகள் சேர்ந்து குனிந்து அவள் பார்த்ததில்லை. ஜெபம் நடத்தின அம்மாள் ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்து, ஜெபமாலை சுற்றின விரலாலேயே தட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது வந்தது. "சிப்."

"என்னது? கப்பலா, மலிவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆங்கிலத்தில் ஷிப் என்றால் கப்பல், சீப் என்றால் மலிவு. எங்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

"எழுத்து சொல்லு நீன்யா!"

"எழுத்து எனக்குத் தெரியாது. கடல்ல…"

"மலிவு! மலிவுன்னுதான் சொன்னா, நான் கேட்டேன்!" என்று அவளை முடிக்க விடாமல் வில்பெர் கத்தினான். கத்திக்கொண்டே அவன் விரல் எந்த எழுத்துகளைத் தட்டியது என்பதைப் பக்கத்தில் நின்ற மீனவன் பார்த்துவிட்டான்.

"திருட்டு நாயே, எங்களுக்கு மலிவு, உனக்குக் கப்பலா?"

வில்பெரின் புதுப் போன் காப்பிப் பானைக்குள் விழுந்தது. நாற்காலிகள் சாய்ந்தன. அந்தச் சத்தத்தின் நடுவே தெல்மி மிச்சம் ஐந்து சொற்களையும் ஒரே குரலில், ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள். காது கொடுத்தவர்களுக்குக் கேட்டது.

மலிவு என்று தட்டியவர்களுக்குப் பெட்டி திறக்கவில்லை. கப்பல் என்று தட்டியவர்களுக்குத் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கடைசிக் காசு வெளியே போனது பல வருஷத்துக்கு முன்னால், யோரன் இந்த ஊருக்கு வருவதற்கும் முன்னால் என்று ஐத்தோர் தேதியைப் பார்த்துவிட்டுச் சொன்னான். விற்றாரோ, யாருக்காவது கொடுத்தாரோ. காலி செய்ததை அவரே மறந்துபோய், சாவியை மட்டும் காப்பாற்றச் சொல்லியிருக்கிறார்.

"கிழவன் வெறும் பெட்டிக்கா காவல் வெச்சான்?" என்று ஒருவன் யோரனின் படத்தின் மேல் காறித் துப்பினான்.

காமிரா அணைந்தது. கறுப்புக் கண்ணாடிக் கார் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போனது. மற்றவர்களும் கலைந்தார்கள். ஜெபம் பாதியில் நின்றதை யாரும் கேட்கவில்லை. ஆனால் தமால்களை மறக்கவில்லை. பையில் அள்ளிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில், "வேற பெட்டி இருக்கும், அதை மட்டும் அமுக்கிட்டா" என்று பக்கத்துக் கடைக்காரி யாரிடமோ சொன்னது தெல்மியின் காதில் விழுந்தது. சூப் கொண்டுவந்த பாத்திரத்தையும் அவள் மறக்காமல் எடுத்துப் போனாள்.

முற்றத்தில் தாயும் மகளும் மட்டும். தெல்மி ஈரத்துணியால் படத்தின் எச்சிலைத் துடைத்தாள். நோயெமி நாற்காலிகளை நிமிர்த்தி அடுக்கினாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போகலாம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தெல்மி துணியைப் பிழிந்தாள்.

"அம்மா."

"என்னடி?"

"நெஜமாவே வேற பெட்டி எதுவும் இல்லல்ல?"

தெல்மி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் கையை முறுக்குவார்களோ என்ற பயத்தில் கேட்கிறாளா, இல்லை வேறு எதிலா? மணிக்கட்டில் நகக்குறி இன்னும் ஆறவில்லை. பதினாலு வருஷமாகப் பார்த்து வளர்த்த முகம். அதில் அவளால் ஒன்றும் படிக்க முடியவில்லை. போன் ரிப்பேர் கடை வாசலில் நின்ற தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். எலுமிச்சைத் தோலை எடுத்து மறுபடியும் தேய்த்தாள். திரும்பி வந்து, நிமிர்த்தி வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வா, நீயும் கையக் கழுவிட்டு வா. ஜெபம் பாதியில நிக்குது."