திட்டு வாங்கிய குரல்

அலுவலகத்தில் அவருக்குக் குப்பைக்காரர் என்று பெயர். வாசல் கூட்டுபவர் அல்ல; சர்வரில் ஊதிப்போன டேட்டாபேஸ் கோப்புகளில் பழையதைக் கழித்து இடத்தை மீட்டுக் கொடுப்பவர். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் கம்பெனி அது. வியாபாரத்தை விடப் புகார் ஜாஸ்தி. புகார் சொல்ல வரும் அழைப்புகள் எல்லாம் பதிவாகி ஒரே கோப்பில் போய் விழும்.

அவர் மனைவி அந்தப் புகார்ப் பிரிவில்தான் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவள் செல்போனை மச்சான், "சும்மா கெடந்து என்ன பண்ணப்போவுது மாமா" என்று சுத்தமாகத் துடைத்து விற்றுவிட்டான். மிச்சமிருந்த குரல் அந்தக் கோப்பில்தான். யாரோ வாய்க்கு வந்தபடி ஏச, "மன்னிக்கணும் சார், ஆளை அனுப்பறேன் சார்" என்பாள்.

பல் விழுந்த வாயோடு மகள் ஒருநாள் கேட்டாள், "அம்மா எப்படிப்பா பேசுவாங்க?"

அவர் பேசிக் காட்டினார்.

"போப்பா, இது உன் குரல்."

அலுவலகத்தில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பென் டிரைவ் செருகும் ஓட்டைகளைப் பசை போட்டு அடைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜரிடம் போய் நின்றார்.

"ஒரே ஒரு அழைப்பு சார். புள்ள கேக்குது."

"வாடிக்கையாளர் பேசினது வெளிய போகக் கூடாதுய்யா. அப்படி என்ன, கச்சேரியா பண்ணிருக்கா? திட்டு வாங்கின குரல்தானே! டிஸ்க் ரொம்பி பில் போட முடியாம கெடக்கு. பழைய அழைப்பு பூரா இன்னைக்கே போகணும்."

அழித்தார். மனைவியைத் தன் கையாலேயே அழித்தார். ஆனாலும் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. இந்தக் கோப்புகளில் அழிப்பது என்றால், பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதுதான். குரல் உள்ளே கிடந்த இடத்திலேயே கிடக்கும், கோப்பும் இளைக்காது. தனியாக ஒருமுறை இறுக்கிச் சுருக்கினால்தான் இடம் திரும்பும், குரலும் போகும். அவர் குடோன் இருப்பு, பழைய வருகைப்பதிவு என்று மற்றதையெல்லாம் சுருக்கி இடம் காட்டினார். அழைப்புக் கோப்பை மட்டும் தொடவில்லை. புது சர்வர் வரும்போது பழைய டிஸ்க் காயலான் கடைக்குத்தான் போகும். அனுப்புகிறவரும் அவர்தான்.

புது சர்வர் வந்தது. பழைய டிஸ்க் சாப்பாட்டுப் பைக்குள் வீடு வந்து சேர்ந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு, அழித்ததை மீட்கும் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு இடமாகத் தேடினார். மனைவியின் அழைப்புகள் இருந்த இடமெங்கும் புதிய அழைப்புகள். காலி செய்த இடத்தில்தான் கோப்பு முதலில் புதியதை வைக்கும். புது அழைப்புகளை வேறு கோப்புக்குத் திருப்பிவிட்டிருக்க வேண்டும். தொழிலில் நரைத்தவர், அதை மறந்துவிட்டார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

விரல் தவறி ஏதோ ஒன்று ஓடியது. "மன்னிக்கணும் சாஆர்..." அவள் நாற்காலிக்குப் புதிதாக வந்த பெண்.

மகள் நிமிர்ந்தாள். "இதான் அம்மாவா?"

அந்த முகத்தைப் பார்த்தார்.

"ஆமா."

"இன்னொரு தடவை போடுப்பா."

அடுத்த மாதம் புகார்ப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். பயிற்சி அறையில் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று குப்பைக்காரரைக் கூப்பிட்டார்கள். வயரைச் சரியாகச் செருகியதும் அறை முழுக்க அவர் மனைவியின் குரல்.

"நானும் மனுஷிதான் சார்! உங்க வீட்ல பொம்பளைங்க இருந்தா கேளுங்க, இப்படிப் பேசலாமான்னு!"

குரல் நடுவில் உடைந்தது. புதுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இப்படிப் பேசினா சீட்டைக் கிழிச்சிருவேன். புரியுதா?" என்றார் மேனேஜர். இந்த ஒன்றை மட்டும் எப்போதோ தனியாக எடுத்து வைத்திருந்தாராம். வயரைப் பிடித்தபடி நின்றவரைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, அருகில் வந்தார்.

"இதுல வாடிக்கையாளர் பேச்சை வெட்டியாச்சு. உன் பொண்டாட்டி மட்டுந்தான். மெயில்ல அனுப்பட்டா?"

வீட்டில் மகள் இப்போதெல்லாம் சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் புதுப் பெண்ணின் இழுவையோடு அச்சு அசலாக "மன்னிக்கணும் சாஆர்" என்கிறாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்கம்மா இப்படித்தான் பேசுவாங்க" என்கிறாள்.

"வேணாம் சார்."

"என்னய்யா, அன்னைக்கு அந்தக் கெஞ்சு கெஞ்சின?"

"வீட்ல இருக்கு சார்" என்றார்.